பழைய பெல்லட் கிரில் வாங்குபவர்கள் கொழுப்புக் குழாயைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்துகிறேன். ஏப்ரலில், சீசன் தொடங்குவதற்கு முன், பழைய சாமான் திருத்தி விற்கும் ஒருவரிடம் 185,000 ரூபாய் கொடுத்து ஒரு பெல்லட் கிரில் வாங்கினேன். "சேர்விஸ் பண்ணினது அண்ணை, ஒரு சொட்டும் ஒழுகாது" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த அடுப்பு ஒழுகத்தான் வேண்டும்.

இதில் பெல்லட் எனும், மரத்தூளை அழுத்திச் செய்த துண்டுகளை ஒரு திருகுதண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீச்சட்டிக்குத் தள்ளும், விசிறி காற்று ஊதும். தீச்சட்டிக்கு மேலே சாய்வான ஒரு தகடு இருக்கும். இறைச்சியில் உருகும் கொழுப்பு அந்தச் சரிவில் ஓடி, ஓரத்து வாய்க்காலில் இறங்கி, குழாய் வழியாக வெளியே தொங்கும் வாளியில் விழ வேண்டும். எனக்குத் தந்ததில் வாளி இல்லை, கொக்கி மட்டும்தான். கேட்டேன். "அது தேவையில்லை, உள்ளுக்கேயே எரிஞ்சு போயிடும்" என்றார். நம்பிவிட்டேன்.

பாரையும் சூரையும் சுட்ட நாட்களில் ஒன்றும் தெரியவில்லை, அவற்றில் அவ்வளவு கொழுப்பு வடியாது. பிறகு ஒரு நாள் தோலோடு கோழிக்கால்களை 110 பாகை சூட்டில் மணிக்கணக்கில் புகையில் வைத்தோம். அந்தக் கொழுப்பு முழுவதும் உள்ளே தேங்கி நின்றிருக்கிறது. மறுநாள் இரவு சூட்டை 220க்கு ஏற்றினேன், கொஞ்ச நேரத்தில் மூடி இடுக்கெல்லாம் கரும்புகை, திறந்தால் நெருப்பு என் முகம் வரைக்கும் எழும்பியது. கிடுகுக் கொட்டில் நாலடி தூரத்தில், அதற்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பிள்ளைகள். உதவிக்கு நின்ற தம்பி தண்ணீர் வாளியோடு ஓடி வந்தான், கத்தி நிறுத்தினேன். எரிகிற கொழுப்பில் தண்ணீர் பட்டால் தீ நாலு பக்கமும் தெறிக்கும். மூடியை அடித்துச் சாத்தி, பிளக்கைப் பிடுங்கினேன். விசிறி நின்றதும் காற்றில்லாமல் தீ அடங்கத் தொடங்கியது, ஆனாலும் அரை மணித்தியாலம் மூடியைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் வெல்டிங் பாஸ் ஒருவர் கழற்றிப் பார்த்தார். குழாய் பொருந்தும் இடம் துருப்பிடித்து வெளியே கசிந்திருக்கிறது, அதைத் திருத்தாமல் குழாயையே உள்ளிருந்து பசை வைத்து அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சாய்வுத் தகட்டுக்குப் பதிலாக ஒரு தட்டையான தகரம். விற்றவரிடம் போனால், "பழைய சாமான் எண்டா அப்படித்தான்" என்கிறார். காசும் இல்லை, ஒரு மன்னிப்பும் இல்லை. புதுக் குழாயும் தகடும் போட 14,000 ரூபாய் என் கையால் போனது.

வாங்கப் போனால், அடுப்பு ஆறியிருக்கும்போது தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். தீச்சட்டியில் படாமல் ஓரத்து வாய்க்காலில் மட்டும் ஒரு கோப்பை சுடுதண்ணீர் ஊற்றுங்கள், அது குழாயால் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். கால்களையும் பாருங்கள், குழாய்ப் பக்கம் உயர்ந்து நின்றால் கொழுப்பு எதிர்ப்பக்கம் தேங்கும். தகட்டில் அலுமினியத் தாள் விரிப்பவர்கள் வாய்க்காலை மூடாமல் விரியுங்கள். நான் இப்போது ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும், கொழுப்பு இறுகுவதற்கு முன், இளஞ்சூட்டிலேயே குழாய்க்குள் ஒரு மரக்குச்சியை விட்டுக் குடைகிறேன்.

நேற்று அந்தக் கடைப் பக்கமாகப் போனேன். அதே மாதிரி இன்னொரு அடுப்பு புதுப் பெயின்டோடு வாசலில் நிற்கிறது. அதிலும் வாளி இல்லை.