செம்பா, டிபிசிஓவா, டெட்ரசினா: எந்த கிளிக் லிங்கர்?

ஆன்டிபாடியோடு மருந்தையோ ஒளிரும் சாயத்தையோ கோக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பார்த்துத்தான் கிளிக் லிங்கரை (ஒன்றோடொன்று மட்டும் வினைபுரியும் இரு முனைகளால் மூலக்கூறுகளைப் பூட்டும் இணைப்பியை) தேர்ந்தெடுக்கிறார்கள். நான் செறிவை முதலில் பார்க்கச் சொல்வேன்.

அசைடையும் (மூன்று நைட்ரஜன் கொண்ட தொகுதி) ஆல்கைனையும் (கார்பன் முப்பிணைப்பு) செம்பு வினையூக்கியால் இணைக்கும் முறையை 2002-இல் ஷார்ப்லெஸ் குழுவும் மெல்டால் குழுவும் தனித்தனியே வெளியிட்டன. இரு முனைகளும் சிறியவை, எளிதில் கெடாதவை. பெப்டைடுக்கும் சிறு மூலக்கூறுகளுக்கும் இன்றும் இதையே எடுப்பேன். புரதம் என்றால் தயங்குவேன். செம்பும் அஸ்கார்பேட்டும் சேர்ந்து உருவாக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகள் ஹிஸ்டிடின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்களைத் தாக்கும். செம்பைப் பிடித்துவைக்கும் டிஎச்பிடிஏ லிகண்ட் சேர்த்தால் சேதம் குறையும், அவ்வளவுதான்.

டிபிசிஓ (டைபென்சோசைக்ளோஆக்டைன்) ஆல்கைனை வளையத்துக்குள் கொண்டது; அதற்குச் செம்பு தேவையில்லை. வளைத்துக் கட்டிய மூங்கில் போல அதன் எட்டணு வளையத்தில் இறுக்கம் இருக்கிறது; அதுவே அசைடோடான வினையை முடுக்கிவிடுகிறது. இறுக்கமான வளையங்களை உயிரணுக்களில் பயன்படுத்தும் வழியை 2004-இல் பெர்டோஸி குழு காட்டியது. (2022 வேதியியல் நோபல் இந்த மூவருக்கும்தான்.)

இனி கணக்கு. டிபிசிஓவின் வேக மாறிலி (வினையின் வேகத்தைச் சொல்லும் எண்) தோராயமாக 1 என்று வைப்போம், அலகு மோலார்⁻¹ நொடி⁻¹. இரு பக்கமும் 10 மைக்ரோமோலார் இருந்தால் பாதி வினை முடியவே சுமார் 28 மணி நேரம் ஆகும். ஒரு பக்கத்தை 100 மைக்ரோமோலாராக உயர்த்தினால் பாதி முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதாவது சோதனைக்குழாயில் மிகையாகச் சேர்த்து, இரவு முழுக்க விட்டு, மீதியை வடிகட்ட முடியும் என்றால் டிபிசிஓவே போதும்.

மிகையாகச் சேர்க்க முடியாத இடத்தில்தான் டெட்ரசின் (நான்கு நைட்ரஜன் கொண்ட வளையம்)–டிசிஓ (டிரான்ஸ்-சைக்ளோஆக்டீன்) ஜோடி வேண்டும். மாறிலி 1000 என்றாலே அதே 10 மைக்ரோமோலாரில் பாதி வினை 100 நொடியில் முடிந்துவிடும். வேகமான ஜோடிகள் இதையும் பல மடங்கு தாண்டும். உடலுக்குள், மிகக் குறைந்த செறிவில் நடக்கவேண்டிய இணைப்புக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் டிசிஓ மெல்ல மெல்ல சிஸ் வடிவத்துக்கு மாறி வினைத்திறனை இழக்கும். டெட்ரசினைத் தயோல்கள் (கந்தகம்–ஹைட்ரஜன் தொகுதி கொண்ட மூலக்கூறுகள்) சிதைக்கலாம். மெத்தில் டெட்ரசின் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நன்றாகத் தாங்கும், எனவே நான் அதையே பரிந்துரைப்பேன்.

டிபிசிஓ எடுப்பவர்களுக்கு இன்னொன்று. அது நீரை வெறுக்கும் பருத்த தொகுதி. ஆன்டிபாடியில் அதிகம் ஒட்டினால் புரதம் திரளக்கூடும். ஆகவே அசைடை ஆன்டிபாடியில் வையுங்கள், டிபிசிஓவை மருந்துப் பக்கம் நீரை விரும்பும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலியோடு வையுங்கள்.