யூஎஸ்பி ஐசோலேட்டர் என்று சொல்லி 1,430 வெள்ளி வாங்கிவிட்டார்கள், கோலாலம்பூர் நண்பர்கள் கவனம்

"பாக்ஸ் திறந்தாச்சு அண்ணே, இனி ஒன்னும் செய்ய முடியாது." இன்று மதியம் கடைக்காரரிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கடைசி பதில் இதுதான். அட்டைப்பெட்டியைத் திறக்காமல் ஒரு சாமானைப் போட்டுக் கேட்பது எப்படி? 1,430 வெள்ளி போயிருக்கிறது. கம்ப்யூட்டரில் டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) மாட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகளைக் கடைசியில் வரிசையாகப் போடுகிறேன்.

பேரங்காடியின் மேல்மாடியில் ஹைஃபை சாமான் விற்கும் ஒரு சிறு கடை. புகார் போகவிருப்பதால் பெயர் வேண்டாம். வாங்கியது மூன்று: யூஎஸ்பி ஐசோலேட்டர் (கம்ப்யூட்டருக்கும் டிஏசிக்கும் நடுவே மின்தொடர்பை அறுத்து டேட்டாவை மட்டும் கடத்த வேண்டிய சாமான்) 880 வெள்ளி, சில்வர் பூச்சுள்ள அரை மீட்டர் யூஎஸ்பி கேபிள் 350 வெள்ளி, காலி யூஎஸ்பி துளைகளை அடைக்கும் மூடிகள் நான்கு, ஒன்று 50 வீதம் 200 வெள்ளி.

நம்ப வைத்தது கடையில் நடந்த டெமோ. மடிக்கணினி, அதிலிருந்து டிஏசி, டிஏசியிலிருந்து ஆர்சிஏ ஆடியோ வயரில் ஆம்ப்ளிஃபயர். பாட்டை நிறுத்தியதும் ஸ்பீக்கரில் ஓர் உறுமல், மவுஸை அசைத்தால் கிர்ரென்று ஓர் இரைச்சல். ஐசோலேட்டரை இடையில் மாட்டினார்கள். இரண்டும் அடியோடு நின்றன. "சத்தமே இல்ல பாருங்க. ஏழு நாள் வீட்டுல போட்டுக் கேளுங்க அண்ணே, பிடிக்கலைன்னா முழுக் காசும் திருப்பித் தரேன்." காதால் கேட்ட பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? கியூஆரை ஸ்கேன் பண்ணி அங்கேயே காசு கட்டியாயிற்று.

அப்போது கவனிக்கத் தவறியது ஒன்றே ஒன்று. ஐசோலேட்டரை மாட்டும்போது மடிக்கணினியை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்தினார்கள், சார்ஜர் வயர் அந்தப் பக்கமே கிடந்தது. இரண்டாவது முறை கேட்டது பேட்டரியில்.

அந்த உறுமல் கிரவுண்ட் லூப். மூன்று பின் பிளக் உள்ள பெரும்பாலான மடிக்கணினி சார்ஜர்களில் டிசி பக்கத்து நெகட்டிவ் எர்த்தோடு சேர்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கும் மூன்று பின். ஆக, எர்த் ஒரு பாதை, யூஎஸ்பி கிரவுண்டும் ஆர்சிஏ வயரின் மேலுறையும் சேர்ந்து இன்னொரு பாதை. இந்த வளையத்தில் ஓடும் கசிவு மின்னோட்டம் ஆர்சிஏ மேலுறையில் ஒரு சிறு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது, அது பாட்டோடு கலந்துவிடுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் உறுமல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரும். மவுஸ் அசைவில் வரும் இரைச்சல், கம்ப்யூட்டர் இழுக்கும் கரன்ட் ஏறி இறங்குவதால் அதே வளையத்தில் வருவது. சார்ஜரைப் பிடுங்கினால் வளையம் அறுந்துவிடும். 880 வெள்ளி சாமான் செய்ததாகக் காட்டிய வேலையைச் செய்தது அந்தப் பிளக்தான்.

உண்மையான ஐசோலேட்டராக இருந்தாலும் இந்த வளையம் அறும், அதில் பொய் இல்லை. இது உண்மையானதா என்று பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரண்டு பக்கமும் எதிலும் சொருகாமல் தனியாக வையுங்கள். யூஎஸ்பி ஏ பிளக்கில் நான்கு தகடுகள் உண்டு, ஓரத்து இரண்டும் சற்று நீளம்: ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். உள்ளே போகும் பக்கத்துக் கிரவுண்டிலிருந்து வெளியே வரும் பக்கத்துக் கிரவுண்டுக்கு அளந்தால் எதுவும் காட்டக்கூடாது, அல்லது மெகா ஓம் கணக்கில் காட்டலாம். இந்தச் சாமான் 0.3 ஓம் காட்டுகிறது, பீப் அடிக்கிறது. 5 வோல்ட் தகட்டுக்கும் அதே கதை. கிரவுண்ட் நேராகப் போகிறது என்றால் அது ஐசோலேட்டரே இல்லை. சாமானைக் கழற்றிப் பார்க்கவில்லை. கழற்றினால் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

பெட்டியில் ஏடியூஎம்4160 சிப் என்று அச்சடித்திருக்கிறது. அந்தச் சிப் நிஜமானது, நல்லது, ஆனால் நொடிக்கு 12 மெகாபிட் வரைதான். இந்தச் சாமான் வழியாக மாட்டிய டிஏசியோ கம்ப்யூட்டரில் 480 மெகாபிட் என்று காட்டுகிறது. அந்தச் சிப் வழியாக 480 போகவே போகாது. அதே பெட்டியில் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஆதரவு என்றும் போட்டிருக்கிறார்கள். 12 மெகாபிட் யூஎஸ்பியில் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு டேட்டா பாக்கெட், அதில் அதிகபட்சம் 1,023 பைட். 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் மில்லிசெகண்டுக்கு 192 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சேனல் சேர்த்து 6 பைட், ஆக 192 × 6 = 1,152 பைட் வேண்டும். அடங்காது. 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் 576, தாராளமாக அடங்கும். பெட்டியில் எழுதிய இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, இதைக் கடையிலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அளந்தும் பார்த்தாயிற்று. ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், டிஏசியில் பாட்டில்லாத அமைதி. சார்ஜர் மாட்டியபடி, சாமானோடும் சாமான் இல்லாமலும் வரைபடத்தில் 50, 100, 150 ஹெர்ட்ஸ் முட்கள் அதே உயரம். யூஎஸ்பி பாக்கெட்டுகள் நொடிக்கு 8,000 முறை வருவதால் அந்த இரைச்சல் இருந்தால் 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு முள் தெரியும். அதிலும் மாற்றமில்லை.

கேபிள் "ட்ரெபிளைத் திறக்கும்" என்றார்கள். யூஎஸ்பியில் ஒரு பாக்கெட் கெட்டால் சிஆர்சி என்ற பிழைச் சோதனையில் அது தெரிந்துவிடும், ஆடியோ பாக்கெட்டை மறுபடி அனுப்புவதும் கிடையாது. அதனால் கேபிள் மோசமென்றால் டிக், டிக் என்று வெட்டும், அல்லது பாட்டு நின்றுபோகும். பேஸ் மெலிவதோ ட்ரெபிள் மங்குவதோ நடக்காது. ஜிட்டர் (கடிகார நேரத்தின் சிறு தடுமாற்றம்) குறையும் என்பதும் அப்படித்தான். அசின்க்ரனஸ் டிஏசி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது, வரும் பாக்கெட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு தன் வேகத்தில் எடுக்கிறது. மூடிகளோ காலித் துளையில் உட்கார்ந்திருக்கின்றன. எதுவும் மாட்டாத துளையில் டேட்டாவே ஓடாது, அந்த டேட்டா வயர்களைக் கம்ப்யூட்டரே உள்ளே 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுக் கிரவுண்டுக்கு இழுத்து வைத்திருக்கிறது. 200 வெள்ளிக்குத் தூசி மூடி!

இனி அவர்கள் கழற்றிவிட்ட விதம். மூன்றாம் நாள் கேட்டால், "புதுசு அண்ணே, 200 மணி நேரம் ஓடணும், அப்புறம்தான் சவுண்ட் திறக்கும்." ஏழு நாள் என்பது 168 மணி நேரம். இராப்பகலாக ஓடவிட்டாலும் 200 மணி முடிவதற்குள் அவர்கள் சொன்ன ஏழு நாள் தீர்ந்துவிடும். ஒன்பதாம் நாள், "கெடு முடிஞ்சிருச்சே." மல்டிமீட்டர் படத்தை அனுப்பினால் இரண்டு நாள் நீல டிக், பதில் இல்லை. போனில் பிடித்தபோது, "உங்க பவர் சரியில்ல, லினியர் பவர் சப்ளை ஒன்னு இருக்கு, 600 வெள்ளிக்குப் போட்டுத் தரேன்." இன்று மதியம், பாக்ஸ் திறந்தாச்சு. ரசீதில் பார்த்தால் "யூஎஸ்பி ஆக்சசரி 3, மொத்தம் 1,430", கீழே விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது என்று மலாயில் ஒரு வரி. ஐசோலேட்டர் என்ற சொல்லே இல்லை. ஏழு நாள் வாக்கும் இல்லை.

வரிசையாகப் போடுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இவற்றை மட்டும் பாருங்கள்.

உறுமல் இருந்தால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் கிரவுண்ட் லூப். டிஏசிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆப்டிகல் துளை இருந்தால் ஆப்டிகல் வயரே போதும், அதில் போவது ஒளி, மின்சாரம் இல்லை. இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

டெமோவில் சார்ஜர் வயர் மேல் கண் இருக்கட்டும். மல்டிமீட்டரைக் கடைக்கே கொண்டுபோங்கள், அளக்க விடவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

திருப்பித் தருகிறேன் என்ற வாக்கையும் பொருளின் பெயரையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்ற பொருள் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், ரசீதின் கீழே ஒரு வரி அச்சடித்து அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. 1,430 வெள்ளிக்கான மனு நாளை போகிறது. அந்த ரசீதுத் தாளின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.