ஒற்றை மைக்கா, ஆளுக்கொரு மைக்கா, பிக்கப்பா? மிட்வெஸ்ட் புளூகிராஸ் மேடையில் எது எடுபடும்

புளூகிராஸ் என்பது பேன்ஜோ, ஃபிடில், மேண்டலின், கிட்டார், பாஸ் போன்ற தந்திக் கருவிகளோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசை. அந்தக் குழுவில் வழக்கமாக டிரம்ஸ் கிடையாது. இரட்டை பாஸ் 1, 3-ஆம் அடிகளைப் பிடிக்கும். மேண்டலின் 2, 4-ஆம் அடிகளில் தந்தியை மீட்டிய கையோடு அமுக்கி நிறுத்தும். ‘சாப்’ என்கிற அந்த வெட்டுதான் தாளம். கடைசி வரிசைக்கு அது போய்ச் சேருகிறதா என்பதுதான் எந்த ஒலி ஏற்பாட்டுக்கும் முதல் சோதனை.

பழைய முறை ஒற்றை மைக். 1967-ல் அமெரிக்காவின் மத்திய-வடக்குப் பகுதியான மிட்வெஸ்டில், இந்தியானாவின் பீன் பிளாசமில், புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ தொடங்கிய திருவிழாவின் மரபு ரசிகர்கள் இன்றும் மதிப்பது இதைத்தான். 1990-களில் டெல் மெக்கூரி குழு இதை மறுபடி பிரபலமாக்கியது. பெரிய டயஃப்ரம் கொண்ட ஒரு கண்டென்சர் மைக், அதற்கு மிக்ஸரிலிருந்து கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம் பவர்), முகவாய்க்குச் சற்றுக் கீழே உயரம். பாடுபவர்கள் 30 முதல் 45 செ.மீ. தள்ளி நிற்பார்கள், சோலோ வாசிப்பவர் கருவியை 15–20 செ.மீ. வரை கொண்டுவருவார். தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபெல் இறங்கும். அதனால் பேன்ஜோ ஓரடி பின்வாங்கினாலே போதும், மிக்ஸரைத் தொட வேண்டாம். இங்கே கலவை செய்வது கால்கள்தான். ஒத்திகையில் பாட்டோடு நடையையும் பழக வேண்டும்: ஒருவர் ஒரு பக்கம் விலகும்போது அடுத்தவர் மறுபக்கத்திலிருந்து நுழைய வேண்டும். ஃபிடில்காரரை அவருடைய வலது ஓரத்தில் நிறுத்தினால் வில் யார் மீதும் இடிக்காது.

சிக்கல் எங்கே வரும்? மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரைத் திறந்ததும், அதன் ஒலி திரும்ப மைக்கில் நுழைந்து ஊளையிடும். அதனால் மானிட்டரே வேண்டாம். முன் ஸ்பீக்கர்கள் மைக்கைத் தாண்டி முன்னால் இருக்கட்டும். பின்னால் நிற்கும் பாஸ் மங்கிப் போகும். அதற்கு மட்டும் தனி பிக்கப் (கருவியிலேயே பொருத்தி அதன் அதிர்வை மின் சைகையாக்கும் சாதனம்) வைத்துவிடுவது நல்லது. இது ஏமாற்று என்று முகம் சுளிப்பவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். பார் மாதிரி இரைச்சலான இடத்தில் இந்த முறை தோற்றுவிடும். கூட்டத்தின் பேச்சுக்கு மேல் ஒலியைத் தூக்கப் போனால் ஊளைதான் முந்திக்கொள்ளும்.

ஆளுக்கொரு மைக் என்பது எல்லாருக்கும் பழகிய முறை, தப்பு செய்யவும் எளிதானது. ஐந்து பேருக்குக் குரல், கருவி சேர்த்து எட்டு மைக் வந்துவிடும். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஊளை வருவதற்கு முன் ஏற்றக்கூடிய ஒலி அளவு 3 டெசிபெல் குறையும். ஒன்றிலிருந்து எட்டுக்குப் போனால் 9 டெசிபெல் போச்சு. பேன்ஜோ சத்தம் கிட்டார் மைக்கிலும் நுழைந்து இரண்டும் ஒன்றையொன்று அரித்துத் தகரச் சத்தமாக்கும். கருவிக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருந்தால் இது அடங்கும். கிட்டாருக்கு மைக்கை ஓட்டைக்கு நேரே வைத்தால் கும்மென்று உறுமும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது முறை முழு பிக்கப். மிச்சிகனின் கலமசூவில் 2000-ல் தொடங்கிய கிரீன்ஸ்கை புளூகிராஸ், உலோகத் தட்டு பதித்த கிட்டாரான டோப்ரோவை, ஒலியை மாற்றும் பெடல்கள் வழியாக எலெக்ட்ரிக் கிட்டார் போல இழுத்துச் செல்வதைக் கேட்டிருந்தால் இது எதற்கென்று புரியும். மினசோட்டாவின் டலூத்திலிருந்து வரும் ட்ராம்பில்ட் பை டர்டில்ஸ் போன்ற அதிவேகக் குழுக்களுக்கும் இது கைகொடுக்கும். பெரிய திடலிலும் சுரங்கள் தனித்தனியாக விழும். அழுத்தத்தை மின் சைகையாக்கும் பீஸோ பிக்கப்பைச் சாதாரண லைனில் நேரே செருகக் கூடாது. குறைந்தது 1 மெகாஓம் உள்ளீட்டு மின்தடை கொண்ட பிரீ-ஆம்ப் (முன்பெருக்கி) வேண்டும். இல்லாவிட்டால் கீழ் ஒலி வற்றிவிடும். 1.5–3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் குறைத்தால் பிளாஸ்டிக் வாடை போகும். கிட்டார் 100–200 ஹெர்ட்ஸில் உறுமினால் ஓட்டைக்கு ரப்பர் மூடி போடலாம். ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சையும் மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே இழப்பது சாப். பீஸோ தந்தியின் அடியைப் பிடிக்கும், மரக்கூடு அசைக்கும் காற்றைப் பிடிக்காது. மரத்தட்டல் வெறும் ‘டிக்’ ஆகிவிடும். மேண்டலினுக்கு மட்டுமாவது ஒரு மைக் கூட வைப்பது இதற்காகத்தான்.

அமைதியாக உட்கார்ந்து கேட்கும் 200 பேர் அரங்கு என்றால், தயக்கமில்லாமல் ஒற்றை மைக். பார், பெரிய திடல் என்றால் பிக்கப். இடையில் இருக்கும் எட்டு மைக் ஏற்பாட்டை, கை தேர்ந்த சவுண்ட்காரர் இருந்தால் மட்டும் நம்பலாம். கருவிகளுக்குப் பிக்கப், குரல்களுக்கு ஒற்றை மைக் என்று கலப்பவர்களும் உண்டு. அப்போது பேன்ஜோவை அந்த மைக்கிலிருந்து ஒதுக்கியே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே சுரம் கம்பி வழியாக முதலிலும் காற்று வழியாகச் சற்றுப் பின்னாலும் வந்து, பழைய தகரச் சத்தம் திரும்பிவிடும்.