டொமெஸ்டிகஸா, இண்டிகஸா? கன்னத்தைப் பாருங்கள்

ஐரோப்பாவில் பரவலாக உள்ள டொமெஸ்டிகஸ், இந்தியாவின் இண்டிகஸ் இரண்டும் ஒரே சிட்டுக்குருவி இனத்தின் துணையினங்கள்தான். ஆண் குருவியின் கன்னத்தை முதலில் பாருங்கள். டொமெஸ்டிகஸுக்கு மங்கிய சாம்பல், இண்டிகஸுக்கு வெள்ளை. நல்ல வெயிலில் அந்த வெண்மை பளிச்சென்று கண்ணில் படும், அவ்வளவு அழகு! ஆனால் அழுக்குப் படிந்தால் வெள்ளையும் மங்கிவிடும். அதனால் ஒன்றை மட்டும் பார்க்காமல், கூட்டத்தில் நாலைந்து ஆண்களையாவது கவனியுங்கள்.

இண்டிகஸ் சற்றுச் சிறியது. ஆனால் அளவை மட்டும் நான் நம்ப மாட்டேன். இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் எந்தக் குருவியும் பெரிதாகத்தான் தெரியும். பெண் குருவிகளைப் பிரிப்பது மிகக் கடினம்.

அப்புறம், குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வலசை வரும் பாக்ட்ரியானஸ் என்ற இன்னொரு துணையினத்துக்கும் வெள்ளைக் கன்னம்தான்.