ஸ்டாக் சுவிட்ச்கள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்ளும் மூன்று மாடி அலுவலகத்தில், 48 போர்ட் (கேபிள் சொருகும் துளை) கொண்ட நான்கு சுவிட்ச்கள், அதாவது கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிகள், ஒரே ஸ்டாக்காக (ஒன்றுபோல் இயங்கும் அடுக்காக) 2019 முதல் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே ஐபி முகவரியும் ஒரே கான்ஃபிகரேஷனும் (அமைப்பு விவரங்களும்) கொண்ட ஒற்றைப் பெரிய சுவிட்ச். பின்பக்கத்தில் குட்டையான ஸ்டாக் கேபிள்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கும், கடைசியிலிருந்து முதலாவதற்குமாக வளையமிட்டு இணைக்கின்றன. சிஸ்கோ நிறுவனம் 2003-இல் தன் கேட்டலிஸ்ட் 3750 சுவிட்சில் ஸ்டாக்வைஸ் என்ற இந்த இணைப்பு முறையைக் கொண்டுவந்தபோது வளையத்தின் திறன் விநாடிக்கு 32 கிகாபிட். பின்னர் வந்த கேட்டலிஸ்ட் 9300 சுவிட்சில் அது 480 கிகாபிட். வேகம் பதினைந்து மடங்கானாலும் முழு ஸ்டாக்கையும் ஆளும் ஒரு மாஸ்டர், அது விழுந்தால் பொறுப்பேற்க இன்னொரு சுவிட்ச் என்ற ஏற்பாடு மாறவில்லை.

அந்த ஏற்பாடு உண்மையாகவே வேலை செய்யுமா என்பது மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பிற்பகலில் மாஸ்டராக இருந்த முதல் சுவிட்ச் மின்பகுதி பழுதாகி அணைந்துபோனது. என் திரையில் ஓடிக்கொண்டிருந்த பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) மூன்று முறை தவறியது. நான்காவது பதில் வந்துவிட்டது. கோர் சுவிட்சுக்கு (எல்லா இணைப்புகளும் கூடும் மையச் சுவிட்சுக்கு) போகும் இரண்டு ஃபைபர்களை முதல் சுவிட்சிலும் நான்காவதிலுமாகப் பிரித்து, பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் எல்ஏசிபி என்ற நெறிமுறை மூலம் ஒரே இணைப்பாகக் கட்டியிருந்ததால் அந்த அப்லிங்க் (மேல்நோக்கிய இணைப்பு) அறுபடவில்லை. ஆனால் பேக்கப் சர்வர் மட்டும் காணாமல் போயிற்று. அதற்கும் இரண்டு கேபிள்கள் இருந்தன. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று அவ்விரண்டையும் அதே முதல் சுவிட்சில் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்களில் சொருகியவன் நான்தான். இரண்டு கேபிள்களும் ஒரே பெட்டியில் முடியும்போது, அந்தச் சர்வரைப் பொறுத்தவரை ஸ்டாக் என்பதே இல்லை.

ஒற்றைக் கேபிளில் வரும் மேசைக் கணினிகளை எந்த ஸ்டாக்கும் காப்பாற்றாது என்பதையும் அன்றே ஏற்றுக்கொண்டேன். வைஃபை அக்சஸ் பாயிண்ட்களை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக வெவ்வேறு சுவிட்ச்களுக்கு மாற்றினேன்; இப்போது ஒரு சுவிட்ச் போனாலும் எந்த மாடியும் முழுவதுமாக இருண்டுபோகாது. எல்ஏசிபியின் கால அளவையும் கவனிக்க வேண்டியிருந்தது. கேபிள் முழுவதுமாக அறுந்தால் இரு முனைகளுக்கும் உடனே தெரிந்துவிடும். லிங்க் விளக்கு எரிந்தபடியே சுவிட்ச் உள்ளுக்குள் உறைந்துபோனால், மெதுவான முறையில் 90 விநாடி கழித்துத்தான் மறுமுனை அதைக் கைவிடும், வேகமான முறையில் 3 விநாடி போதும்.

என்னை அதிகம் அச்சுறுத்தியது மாஸ்டர் விழுந்ததல்ல, ஒரு திருகாணி. ஐந்தாம் ஆண்டில் ரேக்கின் பின்பக்கத் தூசியைத் துடைக்கும்போது, மூன்றாம் சுவிட்சின் ஸ்டாக் கேபிள் விரல் பட்டதுமே ஆடியது. இரு பக்கத் திருகாணிகளில் ஒன்று பாதியளவே முடுக்கப்பட்டிருந்தது. லாக்கை (நிகழ்வுப் பதிவை) பார்த்தால், அந்த ஸ்டாக் போர்ட் பதினொரு வாரங்களாக இணைப்பில்லாமல் கிடந்திருக்கிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் போக்குவரத்து மறுபக்கமாகச் சுற்றிச் சென்றுவிடுவதால் யாரும் புகார் சொல்லவில்லை. அந்த நாட்களில் இன்னொரு கேபிளும் கழன்றிருந்தால், ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் தனக்கென்று ஒரு மாஸ்டரை வைத்துக்கொண்டு, ஒரே ஐபி முகவரியோடு நெட்வொர்க்கில் நின்றிருக்கும். அதன்பின் ஸ்டாக் போர்ட்டில் மாற்றம் நேர்ந்தால் என் கைப்பேசிக்கு உடனே எச்சரிக்கை வருமாறு செய்துவிட்டேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பழுதான சுவிட்சுக்கு மாற்றாக வந்ததைச் சேர்க்கும்போதும் நிதானம் தேவை. புதிய சுவிட்சை முன்கூட்டியே இயக்கிவிட்டு வளையத்தில் இணைத்தால், அது சேர்க்கையாக அல்லாமல் இரு ஸ்டாக்குகளின் மோதலாகிவிடலாம். அதன் பிரையாரிட்டி (மாஸ்டரைத் தேர்ந்தெடுக்க உதவும் முன்னுரிமை எண்) அதிகமாக இருந்தால், காலியான அதன் கான்ஃபிகரேஷனே மற்றவற்றையும் ஆளத் தொடங்கும். ஆகவே ஃபர்ம்வேரை (சுவிட்சின் உள் மென்பொருளை) தனியாக ஒத்த பதிப்புக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தை நிறுத்தி, கேபிள்களை இணைத்த பிறகே இயக்குகிறேன்.

ஃபர்ம்வேர் மேம்படுத்தல்தான் எங்கள் ஸ்டாக்கின் தீராத குறை. நான்கும் ஒரே மென்பொருளில் ஓடுவதால் நான்கும் ஒன்றாகவே மறுதொடக்கம் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் கட்டடம் முழுவதும் இணைப்பில்லாமல் இருக்கிறது. ஊழியர்களின் மேசைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அதைத் தாங்கிக்கொள்ளலாம், சர்வர்களுக்கு முடியாது. அதனால் அடுத்த மாற்றத்தின்போது மாடிகளுக்கு மீண்டும் ஸ்டாக்கையே கேட்டிருக்கிறேன். கோருக்கு, தனித்தனி கான்ஃபிகரேஷனோடு தனித்தனியாக மறுதொடக்கம் செய்யக்கூடிய இரண்டு சுவிட்ச்களை எம்லாக் முறையில் (இரு சுவிட்ச்களுக்குப் போகும் கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் முறையில்) இணைக்கக் கோரியிருக்கிறேன். அதுவரை, உபரி ஸ்டாக் கேபிள் ஒன்று ரேக் கதவின் உட்புறத்தில் உறை பிரிக்காமல் தொங்குகிறது.