கண்வலி விதைக்கிழங்கு வாங்கறவங்க கவனத்துக்கு

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஆடிப்பட்டத்துக்குக் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள் நடப்போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

போன பட்டத்துல ஒரு தரகர்கிட்ட விதைக்கிழங்கு எடுத்தோம். "பூஞ்சாண மருந்துல நேர்த்தி பண்ணினதுங்க, அப்படியே நடலாம்"னு தோட்டத்துக்கே கொண்டாந்து இறக்கினார். கிழங்கு பூராவும் வெள்ளையாப் பவுடர். பார்க்க நல்ல திரட்சி. மூட்டை வாயில இருந்தது மட்டும் நிசமாவே நல்ல சரக்கு.

பாதிப் பாத்தி முளைக்கல. போன் போட்டா, "ஏனுங்க, நீங்க தண்ணி ஜாஸ்தி கட்டிட்டீங்க, அழுகியிருக்கும்"ங்கறார். தோண்டிப் பார்த்தோம். அழுகலே இல்லை, நகத்துல கீறினா உள்ள வெள்ளையா இருக்கு. நுனியத்தான் காணோம். மஞ்சளாட்டம் கண்வலிக்குக் கணுவுக்குக் கணு முளை வராது. கலப்பை மாதிரி வளைஞ்ச கிழங்கோட நுனியில இருக்கற முளைதான் எல்லாம். அது ஒடிஞ்சா மிச்சம் எத்தனை பெருசா இருந்தும் பிரயோசனமில்லை. நட்டது போகச் சாக்குல கிடந்ததை வாளித் தண்ணியில கழுவினோம். பவுடர் போனதும் ஒடிஞ்ச வாய் பழுப்பேறிக் காய்ஞ்சு கிடக்கு. வண்டியில வரும்போது ஒடிஞ்சதில்லைங்க அது, ஒடிஞ்சதைத்தான் பவுடர் பூசி மறைச்சிருக்காங்க.

அதனால நேர்த்தி பண்ணின கிழங்கே வாங்காதீங்க. மூட்டையைத் தரையில கொட்டச் சொல்லி, அடியில இருந்து எடுத்து நுனியைப் பாருங்க. மருந்தை வீட்டுல வந்து நீங்களே போட்டுக்கலாம்.

ஒருக்கா நட்டா சில வருஷத்துக்கு நிக்கற பயிரு. கொடி ஏறக் கம்பிப் பந்தல் போட்ட காசு அப்படியே முடங்கிக் கிடக்குது. முளைக்காத கிழங்கை வேலியோரம் வீசவும் வழியில்லை, ஆடு வாய் வெச்சா அவ்வளவுதான். விதையில இருந்து மூட்டு வீக்கத்துக்கு மருந்து எடுக்கறாங்களே கோல்ச்சிசின், அந்த விஷம் கிழங்குலயும் இருக்கு. குழி வெட்டித்தான் புதைச்சோம்.

விளையற விதையையும் தானே விலைக்கு எடுத்துக்கறேன்னு அந்தத் தரகர் வாயில சொன்னார். விலை வருஷா வருஷம் ஏறி இறங்கற சரக்குக்கு வாய்ப்பேச்சை எங்க கொண்டு போய்க் காட்டறது? ரசீது கேட்டதுக்கு, "நமக்குள்ள ரசீது என்னங்க மாப்ள"ன்னுட்டார்.

இப்ப பணம் கேட்டா, அடுத்த பட்டத்துக்குப் பாதி விலையில கிழங்கு தாரேங்கறார். இந்தப் பட்டத்துக்கும் ஊர் ஊராப் போய் அட்வான்ஸ் வாங்கிட்டு இருக்கறதாக் கேள்வி.