நான்கு வருடம் ஓடிய குளத்து ஃபில்டர்: குவார்ட்ஸ் குழாயும் அதில் ஒட்டும் சுண்ணாம்பும்

குளத்துக்கான பிரஷர் ஃபில்டர் ஒன்றின் விலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். "இப்ப எடுத்துப் போட்டுறலாமுங்களா?" என்று கோபாலபுரத்து நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். சொல்லப்போவது மூடிய டப்பா மாதிரி வரும் பிரஷர் ஃபில்டர் பற்றி. உள்ளே ஸ்பாஞ்ச் அடுக்கு, நடுவில் 18 வாட் யூ.வி. விளக்கு, கூடவே மணிக்கு 3000 லிட்டர் பம்பு. கொழிஞ்சாம்பாறையில், 6 சதுர மீட்டர் பரப்பும் 1 மீட்டர் ஆழமும் உள்ள சிமென்ட் குளத்தில் நான்கு வருடமாக இரவு பகல் ஓடுகிறது. 6000 லிட்டர் தண்ணீர், பன்னிரண்டு கோய் மீன், இரண்டு தொட்டி அல்லி, தினம் 60 கிராம் தீவனம்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கண்ணாடி. அடியில் கிடக்கும் ஒற்றைத் தீவன உருண்டை மேலிருந்தே தெரியும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயிலுக்கு ஊரில் உள்ள திறந்த தொட்டியெல்லாம் பச்சைப் பட்டாணிச் சாறு மாதிரி ஆகும்போதும் இது அப்படியே இருக்கும். நான்கு வருடத்தில் இரண்டே முறைதான் பச்சை திரும்பியது. இரண்டு முறையும் காரணம் விளக்கு. யூ.வி. விளக்கு நீல ஒளியோடு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் பாசியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் 8000 மணி நேரத்துக்கு மேல் வலுவிழந்துவிடும். 8000 மணி என்றால் இடைவிடாமல் ஓடினால் பதினோரு மாதம். எரிகிறதே என்று விட்டுவிடாமல், மாற்றிய தேதியை மூடியிலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். கல்லிலும் சுவரிலும் ஒட்டி வளரும் நூல் பாசியை யூ.வி. ஒன்றும் செய்யாது. அதைக் குச்சியில் சுற்றி இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பம்பும் நல்ல பம்பு. டப்பாவில் போட்டிருக்கும் 3000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாய் மாட்டாமல் வரும் அளவு. 1.2 மீட்டர் ஏற்றி, ஒரு இஞ்ச் ஓஸில், ஃபில்டர் வழியாக வெளியே வரும்போது 20 லிட்டர் வாளி நிறைய 42 விநாடி ஆகிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 1700 லிட்டர் சுமார். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால் அது 60 விநாடி, 70 விநாடி என்று நீளும். வாளியும் கைக்கடிகாரமும் போதும், ஃபில்டர் எப்போது கழுவச் சொல்கிறது என்று தெரிந்துவிடும். பம்பு 40 வாட், விளக்கு 18 வாட். இரண்டும் சேர்ந்து மாதம் 42 யூனிட் பக்கம் இழுக்கும். தண்ணீருக்குள் மின்சாரம் போகிற இடம், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைக்கவே கூடாது.

இனி எரிச்சல்.

யூ.வி. விளக்கு தண்ணீரில் படாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு குவார்ட்ஸ் குழாய் இருக்கும். எங்கள் போர் தண்ணீர் கடினம். கே.ஹெச். என்பது தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு, பி.ஹெச்.சைச் சரியாமல் பிடித்து வைப்பது இதுதான். கே.ஹெச். கிட்டில் சோதனைக் குழாயில் 5 மில்லி எடுத்துச் சொட்டு விட்டால் பன்னிரண்டாவது சொட்டில்தான் நீலம் மஞ்சளாகிறது, அதாவது 12. இந்தத் தண்ணீர் குவார்ட்ஸ் மேல், வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் படிகிற மாதிரி வெள்ளையாகப் படியும். விளக்கின் சூடும் அதற்கு உதவுகிறது. கோடையில் மூன்று வாரம் போதும்: முதல் வாரம் கை வைத்தால் லேசாகச் சொரசொரப்பு, இரண்டாவது வாரம் பால் பூசிய மாதிரி, மூன்றாவது வாரம் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். அந்தச் செதிலைத் தாண்டி யூ.வி. வெளியே வராது. விளக்கு புதிதாக இருந்தும் குளம் பச்சையாகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

படிவது தண்ணீரின் குணம், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. கழட்டுகிற விதத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு. குவார்ட்ஸை மட்டும் தனியாக உருவ வழியில்லை. பம்பை நிறுத்தி, இரண்டு ஓஸையும் கழற்றி, சுற்று கிளாம்ப்பைத் திறந்து, மூடியோடு தலைகீழாகத் தூக்க வேண்டும். பெரிய மூடியின் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அப்போது தன் பள்ளத்திலிருந்து ஒரு இடத்தில் எகிறி நிற்கும். கவனிக்காமல் மூடினால் அங்கே நசுங்கி, ஒரு சின்னக் கசிவு ஆரம்பிக்கும். இரவில் ஆரம்பித்தால் காலைக்குள் குளம் ஒரு அடி இறங்கியிருக்கும். ஒரு ஓ-ரிங்குக்காக ஒரு குளத்து மீனையே பணயம் வைக்கிற வடிவமைப்பு இது. அந்த ஓ-ரிங் தனியாகவும் கிடைப்பதில்லை, மூடி செட்டாகத்தான் தருவார்களாம். பொள்ளாச்சியில் ஹைட்ராலிக் ஓ-ரிங் விற்கும் கடையில் பழையதைக் கொடுத்து அளவெடுத்து வாங்கிப் போட்டதுதான் இன்றுவரை நிற்கிறது.

கழுவுகிற முறை: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். எரியும் யூ.வி. விளக்கைக் கண்ணால் பார்க்கவே கூடாது. குவார்ட்ஸ் குழாயின் நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள், ஸ்பேனர் போட்டால் குவார்ட்ஸ் விரிசல் விட்டுவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, குழாயை அரை மணி ஊறவைத்தால் நுரை தள்ளிக் கரைந்துவிடும். மளிகைக் கடை வினிகரும் ஆகும், நேரம் கூடும். கம்பி நார் வேண்டாம், கீறலில் அடுத்த படிவு இன்னும் வேகமாகப் பிடிக்கும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். விளக்கின் கண்ணாடியை வெறுங்கையால் தொடாதீர்கள், தொட்டிருந்தால் ஸ்பிரிட் துணியால் துடையுங்கள். ஓ-ரிங்குக்கு சிலிக்கோன் கிரீஸ். வாசலின் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போகும்.

இந்தத் தொல்லையைக் கேட்ட எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உப்புத் தண்ணிய விட்டுட்டு மழைத் தண்ணிய விடுங்க." படிவு நின்றுவிடும், உண்மை. ஆனால் குளமும் நின்றுவிடும். பிரஷர் ஃபில்டர் வைத்திருக்கிற பலருக்கு மீன் சாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தீவனத்தில் உள்ள புரதம் அம்மோனியாவாகத் தண்ணீருக்கு வருகிறது. 35 சதவீதப் புரதத் தீவனம் 60 கிராம் போட்டால் நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம் அம்மோனியா நைட்ரஜன். ஸ்பாஞ்சில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. இந்த வேலைக்கு ஒவ்வொரு கிராம் நைட்ரஜனுக்கும் 7 கிராம் கார்பனேட் செலவாகும். மொத்தத்தில் நாளுக்கு 14 கிராம். 6000 லிட்டருக்கு வகுத்தால் எட்டு நாளில் கே.ஹெச். ஒரு புள்ளி இறங்குகிறது. போர் தண்ணீரில் 12-இல் தொடங்கினால் கவலையே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தினம் 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் 36 லிட்டர் ஈடு ஊற்றுகிறோம், அதோடு கே.ஹெச்.சும் திரும்ப வருகிறது. ஆவியில் போவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு தங்கும் என்பதால் வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றினால் போதும்.

மழைத் தண்ணீரில் கே.ஹெச். கிட்டத்தட்ட பூஜ்யம். குளத்தின் மேல் நேராக 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 300 லிட்டர், அது ஒன்றும் செய்யாது. ஆனால் 100 சதுர மீட்டர் மாடியின் மழைக்குழாயைக் குளத்துக்குத் திருப்பிவிட்டால் அதே மழையில் 5000 லிட்டர் வந்து, பழைய தண்ணீரில் பாதிக்கு மேல் வழிந்து போய்விடும். மறுநாள் தண்ணீர் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். இப்படியே மழை தொடர்ந்து கே.ஹெச். 2-க்குக் கீழே இறங்கியதும், தண்ணீரின் அமில-கார அளவான பி.ஹெச். பிடிப்பில்லாமல் சரியும். 6.5-க்குக் கீழே பாக்டீரியா மந்தமாகி, அம்மோனியா சேர ஆரம்பிக்கும். மீன் சாப்பிடாமல் மூலையில் நிற்கும்.

அந்த நேரத்தில் பதறிப்போய் போர் பைப்பைத் திறந்துவிடுவதுதான் பெரிய தவறு. 28 டிகிரியில் பி.ஹெச். 6.5 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் 0.2 சதவீதம்தான். அதே தண்ணீர் பி.ஹெச். 8-க்கு ஏறினால் 6.5 சதவீதம், முப்பது மடங்கு. அம்மோனியா லிட்டருக்கு 2 மி.கி. சேர்ந்திருந்தால், அமிலத் தண்ணீரில் தாக்குப்பிடித்த மீன் நல்ல தண்ணீர் வந்த பிறகு நச்சில் தவிக்கும், சாகவும் கூடும். தண்ணீர் மாற்றினோம், மீன் செத்தது என்று சொல்வார்கள். மருந்து சரிதான், வரிசைதான் தப்பு.

வரிசை இப்படி: தீவனத்தை நிறுத்துங்கள். அம்மோனியா அளந்து பாருங்கள். இருந்தால் முதலில் அதே மென்மையான மழைத் தண்ணீராலேயே கால்பங்கு மாற்றி அம்மோனியாவைக் குறையுங்கள், அடுத்த நாளும் அப்படியே. அம்மோனியா 0.5-க்குக் கீழே வந்த பிறகு ஆப்பசோடா. 1000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கே.ஹெச். ஒரு புள்ளி ஏறும், 6000 லிட்டருக்கு 180 கிராம். நாளுக்கு ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றாதீர்கள். வாளியில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். சலவை சோடாவும் பேக்கிங் பவுடரும் இதற்கு மாற்று ஆகாது. கே.ஹெச். 5-க்கு வந்ததும் போர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, உயரத்திலிருந்து விழவிட்டுச் சேருங்கள். போர் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, விழும்போதுதான் காற்று கலக்கும்.

மழைக்காலம் முழுக்க நிம்மதிக்கு, ஐந்து கிலோ கக்கா (மட்டிச் சிப்பி) ஓடுகளை வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் வாயில் போடுங்கள். தண்ணீர் அமிலமாகும்போது தானாகக் கரையும். மெதுவாகத்தான் கரையும், ஆபத்துக்கு உதவாது. சுட்டு நீற்றிய சுண்ணாம்பை அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள், ஒரு பிடி போதும் பி.ஹெச்.சைத் தூக்கி மீனைக் கொல்ல.

ஆக, குவார்ட்ஸில் படிகிற அந்த வெள்ளைதான் குளத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒன்று வேண்டுமென்றால் மற்றதைச் சகிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிட்ரிக் ஆசிட்டில் ஊறவைக்கும் வேலையில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கிளாம்ப்பையும் மூடியையும் நினைத்தால்தான் கோபம் வருகிறது.

இன்னொரு குறை மூடிய டப்பா என்பதாலேயே வருவது. மழைக்காலத்தில் கரண்ட் நான்கைந்து மணி நேரம் போனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் முதலில் வெளியே வருவது அழுகின முட்டை வாடை அடிக்கும் கறுப்புத் தண்ணீர். பேக்வாஷ் லீவரை (தண்ணீரைக் குளத்துக்கு விடாமல் கழிவுக் குழாய்க்குத் திருப்பும் கைப்பிடியை) முன்கூட்டியே திருப்பி, அந்த முதல் இரண்டு வாளியை வாழைக்கு விட்டுவிட வேண்டும். ஸ்பாஞ்சையும் குளத்துத் தண்ணீரிலேயே பிழியுங்கள், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா போய்விடும்.

தண்ணீர் தெளிவுக்கு முழு மார்க். பம்புக்கு முழு மார்க். ஆனாலும் பாதி விலைக்கு வந்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 200 லிட்டர் நீல டிரம்மில் பழைய மீன் வலையை அடைத்து, மேலே திறந்தபடி விட்டால் ஃபில்டர் வேலை இதைவிட நிதானமாக நடக்கும், கரண்ட் போனாலும் காற்று கிடைக்கும். யூ.வி.யைத் தனி யூனிட்டாக, ஒரு பக்க நட்டைத் திருகினால் குவார்ட்ஸ் கையோடு வருகிற மாதிரி வாங்கி, டிரம்முக்கு முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

இல்லை, இடம் கம்மி, டிரம் பார்வைக்கு நன்றாக இருக்காது என்றால் இதையே எடுங்கள். ஆனால் வாங்குகிற அன்றே மூடி ஓ-ரிங் இரண்டு (கம்பெனி தனியாகத் தராது, ஹைட்ராலிக் ஓ-ரிங் கடையில் அளவெடுத்து), குவார்ட்ஸ் ஓ-ரிங் நான்கு, உபரிக் குவார்ட்ஸ் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கே.ஹெச். கிட்டையும் மறக்க வேண்டாம். பம்பை அடித்தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், ஃபில்டர் கசிந்தாலும் மீனுக்கு அரையடித் தண்ணீராவது மிஞ்சும்.